திரையில் பளிச், தாளில் இருட்டு: பிரிண்ட் கறுத்து வந்தால் எங்கே தேடுவது

திரையில் முகம் தெளிவாக இருக்கிறது. பிரிண்ட் கைக்கு வந்தால் கன்னம் கறுத்திருக்கிறது, தலைமுடி இழை தெரியாமல் ஒரே கரிப்பிண்டமாக நிற்கிறது, அரக்குப் பட்டுப்புடவையில் மடிப்பே காணோம். உடனே எல்லோருடைய கையும் எக்ஸ்போஷர் ஸ்லைடருக்குத்தான் போகும். அதைத் தொடாதீர்கள். படத்தை வெளிச்சமாக்கினால் இந்த ஒரு பிரிண்ட் தேறிவிடும். ஆனால் அதே கோப்பை நாளைக்கு வேறொரு லேபுக்கு அனுப்பினால் அங்கே முகம் வெளுத்து வரும். கோளாறு படத்தில் இல்லாதபோது படத்தைத் திருத்துவது, தவறான கடிகாரத்தைப் பார்த்து ஊரின் நேரத்தையே மாற்றுவது போன்றது.

கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று வெளிச்சம்: திரை ஒரு பிரகாசத்திலும், தாளைப் பார்க்கும் அறை வேறொரு பிரகாசத்திலும் இருக்கும். இன்னொன்று வழி: மென்பொருளிலிருந்து மை வரை போகும் பாதையில் நிறம் இரண்டு முறை மாற்றப்படும், அல்லது யாருமே மாற்றாமல் அப்படியே போகும். கடைசியாகக் கோப்பு: அதன் எண்கள் ஒரு அர்த்தத்தில் எழுதப்பட்டு வேறு அர்த்தத்தில் படிக்கப்படும். முதல் காரணம்தான் பெரும்பாலும் அகப்படும். ஆனால் ஊகத்தில் இறங்காமல் ஒரு சோதனைப் படத்தைக் கொண்டு தீர்மானித்துவிடலாம்.

சோதனைப் படம் தயாரிப்பது

ஃபோட்டோஷாப்பில் 1800 × 1200 பிக்சல், 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்), எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளும் லேபுகளும் பயன்படுத்தும் பொது நிற அளவுகோல்) என்று ஒரு புதிய கோப்பு திறங்கள். அது 6 × 4 அங்குலத் தாளுக்குச் சரியாக வரும். மேல் பகுதியில் கறுப்புப் பட்டை ஒன்று போட்டு, அதன்மேல் 5, 10, 15, 20, 25, 30, 40 என்ற எண்களில் சாம்பல் கட்டங்களை வரிசையாக வையுங்கள். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்துக்கும் ஒரே எண்: 5,5,5, பிறகு 10,10,10 என்று. கீழே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் 250, 245, 240. நடுவில் ஒரு பெரிய கட்டம் 118,118,118. இந்த 118 என்பது கடைகளில் விற்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டைக்கு ஈடான எண்.

மீதி இடத்தில் உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு படம். மல்லிகைச் சரம் சூடிய பின்னலை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் இதற்கு மிகப் பொருத்தம். பூவிதழ் 235-க்கும் 250-க்கும் இடையில் இருக்கும், முடியின் நிழல் 15-க்கும் 35-க்கும் இடையில் இருக்கும், கழுத்தின் தோல் நடுவில் வரும். ஒரே அடியில் மூன்று எல்லைகளும் சோதனைக்கு வந்துவிடும். இதையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டாம். இன்ஃபோ பேனலில் எண்ணைப் பார்த்து மட்டும் சரிபாருங்கள், ஏனென்றால் இப்போது சந்தேகத்தில் இருப்பதே திரைதான்.

வழக்கமாக எப்படிப் பிரிண்ட் போடுவீர்களோ அப்படியே ஒன்று போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, பகலில் நேர் வெயில் படாத திண்ணைக்கோ பால்கனி நிழலுக்கோ கொண்டுபோங்கள். பக்கத்தில் சாம்பல் அட்டையை வையுங்கள்.

அங்கே 118 கட்டம் அட்டையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா? தாளின் வெள்ளை முழு வெள்ளை இல்லை என்பதால் கட்டம் ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கலாம், அது பரவாயில்லை. கறுப்புப் பட்டையில் 15 அல்லது 20-லிருந்து கட்டங்கள் பிரிந்து தெரிகின்றனவா? பின்னலில் இழைகள் தெரிகின்றனவா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் உங்கள் பிரிண்ட் இருட்டாகவே இல்லை. திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருக்கிறது, அல்லது பிரிண்டைப் பார்க்கும் அறை இருட்டாக இருக்கிறது. நிழலிலும் அட்டையைவிடக் கட்டம் கரேலென்று தெரிந்து, 30 வரையிலான கட்டங்கள் கறுப்பில் கரைந்துபோயிருந்தால், கோளாறு வழியில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு நேரே போங்கள். சோதனைப் படம் நன்றாக வந்து உங்கள் சொந்தப் படங்கள் மட்டும் இருண்டால், அவற்றைப் பிரகாசமான திரையை நம்பித் திருத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கேமராவால் வெளிச்சத்தை அளப்பது

கடையிலிருந்து வரும் மானிட்டர்கள் பெரும்பாலும் 250 முதல் 350 கேண்டெலா பிரகாசத்தில் வரும் (ஒரு சதுர மீட்டருக்கு, இதைத்தான் நிட் என்றும் சொல்கிறார்கள்). பிரிண்டுக்காகத் திருத்தும் திரைக்கு 80 முதல் 120 போதும். தாளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன்மேல் விழுவதில் சுமார் 90 சதவீதத்தைத்தான் அது திருப்பித் தரும். 500 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு) விழும் வெள்ளைத் தாள் சுமார் 140 நிட் தருகிறது. 100 லக்ஸ் விழுந்தால் கிட்டத்தட்ட 29 நிட்தான். ராத்திரி ஒரே ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தின் சுவரில் பல நேரம் 100 லக்ஸ்கூட விழுவதில்லை. 300 நிட் திரையில் திருத்திய படத்தை 29 நிட் தாளில் பார்த்தால் இருட்டாகத் தெரியாமல் என்ன செய்யும்?

இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம், உங்கள் கேமராவே போதும். ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் f/8, அபெர்ச்சர் பிரையாரிட்டி மோட், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பூஜ்யம். திரை முழுவதும் வெறும் வெள்ளையைக் காட்டுங்கள். அறை விளக்கின் பிரதிபலிப்பு திரையில் விழக் கூடாது. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி இன்ஃபினிட்டியில் வைத்து, ஃபிரேம் முழுக்க வெள்ளை நிறையும்படி நெருங்குங்கள். ஃபோகஸ் கலங்கியிருப்பது நல்லதுதான், பிக்சல் கட்டங்கள் குறுக்கிடாது. மீட்டர் காட்டும் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1/60 என்றால் சுமார் 480 நிட். 1/30 என்றால் 240. 1/15 என்றால் 120. 1/10 என்றால் 80. 1/8 என்றால் 64. 1/4 என்றால் 32. கேமராவுக்குக் கேமரா சற்று வேறுபடும், ஆனாலும் இந்த வேலைக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

அடுத்ததாக, அச்சடிக்காத வெறும் ஃபோட்டோ பேப்பர் ஒன்றை, பிரிண்டை வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் வைத்து அதே அமைப்பில் அளங்கள். உங்கள் நிழல் தாளில் விழாமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். திரை 1/30, தாள் 1/4 என்று வந்தால் இரண்டுக்கும் இடையே மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்பது இரண்டு மடங்கு), அதாவது எட்டு மடங்கு. கண் இரண்டுக்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் மூன்று ஸ்டாப்பும் அப்படியே உறைக்காது. ஆனால் நிழல் பகுதியில் கண் அந்த ஈட்டைச் செய்ய முடியாது, அங்கேதான் விவரம் முதலில் தொலைகிறது. மாநிறத் தோலும் கறுத்த முடியும் பட்டின் அடர்நிறமும் அந்தப் பகுதியை ஒட்டியே இருப்பதால் நம் படங்களில் இந்தக் கோளாறு கூடுதலாகத் தெரிகிறது.

இரண்டு அளவும் ஒரு ஸ்டாப்புக்குள் வர வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் நெருங்குங்கள். மானிட்டரின் பிரைட்னஸ் பட்டனைக் குறைத்து 1/13 அளவுக்கு, அதாவது 100 நிட்டுக்குக் கொண்டுவாருங்கள். எண் 20 அல்லது 25 வரை இறங்க வேண்டியிருக்கலாம், பயப்பட வேண்டாம். கான்ட்ராஸ்ட் பட்டனைத் தொடாதீர்கள். தாள் பக்கத்துக்கு 9 வாட் எல்இடி பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்றை ஒன்றரை முதல் இரண்டு அடி தூரத்தில் வையுங்கள். நிற வெப்பம் 5000 அல்லது 6500 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல். இப்போது வெறும் தாளில் 1/15-ஐ ஒட்டி வந்தால் சுமார் 400 லக்ஸ் கிடைத்துவிட்டது. அச்சுத் துறையின் ஐஎஸ்ஓ 3664 தரநிர்ணயம் சாதாரணப் பார்வைக்கு 500 லக்ஸும், நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸும் சொல்கிறது, இரண்டும் டி50 ஒளியில் (சுமார் 5000 கெல்வின்). வீட்டு மேசையில் 400 வந்தாலே வேலை செய்யலாம்.

பிரைட்னஸைக் குறைத்த முதல் ஓரிரு நாட்கள் திரை அழுது வடிவதாகத் தோன்றும். அறையின் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து, ஜன்னலைத் திரைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் வரும்படி மாற்றினால் கண் சீக்கிரம் பழகிவிடும்.

பிரகாசத்தைத் திருட்டுத்தனமாக மாற்றும் வசதிகளையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸில் நைட் லைட், தானியங்கி பிரைட்னஸ், எச்டிஆர். மேக்கில் ட்ரூ டோன், தானியங்கி பிரைட்னஸ். மானிட்டர் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட், கண் பாதுகாப்பு மோட். இவற்றில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் மேலே அளந்ததெல்லாம் வீண்.

காலிபரேட் செய்தும் இருட்டாகவே வருகிறதென்றால்

இந்தப் புகார் அடிக்கடி வரும், காரணமும் அநேகமாக ஒன்றுதான். ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற கருவிகள் திரையை அளந்து நிறத்தைச் சீராக்கும். பிரகாச இலக்கை நீங்கள் கொடுக்காமல் ‘நேட்டிவ்’ என்று விட்டால், மானிட்டர் இருக்கும் 300 நிட்டிலேயே நிறத்தை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு முடித்துக்கொள்ளும். இலக்கில் வைட் பாயிண்ட் டி65 (சுமார் 6500 கெல்வின்), காமா (நடுத்தொனிகளின் பிரகாசத்தைத் தீர்மானிக்கும் வளைவு) 2.2, லூமினன்ஸ் 100 என்று கொடுங்கள். மானிட்டரை அரை மணி நேரம் சூடாக விட்டு ஆரம்பியுங்கள். முடிந்தபின் பிரைட்னஸ் பட்டனை மறுபடி ஏற்றினால், கருவி எழுதித் தந்த புரொஃபைல் (ஒரு திரையோ தாளோ நிறத்தை எப்படிக் காட்டும் என்ற குறிப்புக் கோப்பு) பொய்யாகிவிடும். வீட்டில் பிள்ளைகள் அதே திரையில் விளையாடினால், மானிட்டரிலேயே இரண்டு மோட் சேமிக்க முடிகிறதா பாருங்கள், ஒன்றைத் திருத்தும் வேலைக்கென்று பூட்டிவையுங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, படத்தைச் சுற்றியுள்ள நிறம். லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் அடர்சாம்பல் பின்னணியில் படத்தைக் காட்டுகின்றன. இருட்டின் நடுவில் எதுவும் வெளிச்சமாகத்தான் தெரியும். அதே படம் வெள்ளை ஓரத்தோடு தாளில் வரும்போது கறுத்துத் தெரியும். லைட்ரூமில் படத்துக்கு வெளியே ரைட் கிளிக் செய்து பின்னணியை வெள்ளையாக்கிவிட்டுக் கடைசித் திருத்தத்தைச் செய்யுங்கள். ஃபோட்டோஷாப்பில் கேன்வாஸைச் சுற்றி வெள்ளை ஓரம் சேர்த்துப் பாருங்கள். இதற்குப் பைசா செலவில்லை. கால் ஸ்டாப் தவறாவது இதில் பிடிபடும்.

மென்பொருளிலிருந்து மை வரை

நிழலில் பார்த்தும் சோதனைப் படம் இருட்டாக இருந்தவர்களுக்கான பகுதி இது.

விதி எளிது: நிறத்தை ஒருவர்தான் நிர்வகிக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பா, பிரிண்டர் டிரைவரா (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) என்று முடிவு செய்துவிட்டு மற்றவரைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும். இருவரும் சேர்ந்து செய்தால் நிறம் புரளும், பெரும்பாலும் மெஜந்தா ஏறும். இருவருமே செய்யாவிட்டால் எண்கள் அப்படியே மையாகக் கொட்டி, படம் இருண்டு அடர்ந்து வரும்.

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல்-பி அழுத்துங்கள். கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் ‘ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்’. அதன் கீழே பிரிண்டர் புரொஃபைல் என்ற இடத்தில் உங்கள் தாளுக்கும் பிரிண்டருக்கும் உரிய புரொஃபைல் வர வேண்டும். அங்கே மானிட்டர் பெயரோ எஸ்ஆர்ஜிபியோ இருந்தால் கோளாறு கிடைத்துவிட்டது. ரெண்டரிங் இன்டென்ட் ‘ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்’, பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷனில் டிக். இந்த டிக் விடுபட்டால், தாளால் காட்ட முடியாத அடர்கருமை எல்லாம் ஒன்றாக நசுங்கி, தலைமுடியும் நிழலும் ஒரே கட்டியாகிவிடும். நடுச்சாம்பல் சரியாக இருந்து நிழல் மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அதே பெட்டியிலிருந்து பிரிண்ட் செட்டிங்ஸுக்குள் போய் டிரைவரின் நிறத் திருத்தத்தை அணையுங்கள். எப்சன் வீட்டு மாடல்களின் விண்டோஸ் டிரைவரில், மோர் ஆப்ஷன்ஸ் தாவலில் கலர் கரெக்ஷனை ‘கஸ்டம்’ ஆக்கி, அட்வான்ஸ்டு உள்ளே ‘நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்’. கேனனில் கலர்/இன்டென்சிட்டியை ‘மேனுவல்’ ஆக்கி, மேட்சிங் தாவலில் ‘நன்’. லைட்ரூம் என்றால் பிரிண்ட் மாட்யூலின் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் ‘மேனேஜ்டு பை பிரிண்டர்’ என்பதை மாற்றிப் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள், டிரைவரை மேலே சொன்னபடியே அணையுங்கள்.

வழியில்தான் கோளாறா என்று உறுதிப்படுத்த ஒரு குறுக்கு வழி உண்டு. அதே சோதனைக் கோப்பை ஃபோட்டோஷாப் இல்லாமல், போனிலிருந்தோ விண்டோஸின் சாதாரணப் பட மென்பொருளிலிருந்தோ, டிரைவர் எல்லாம் இயல்பான நிலையில், அதே தாளில் அடித்துப் பாருங்கள். அது நன்றாக வந்து ஃபோட்டோஷாப் வழி இருண்டு வந்தால், அமைப்புதான் பிழை. இரண்டுமே இருண்டு வந்தால் மை அல்லது தாள்.

வேறு கம்பெனி மையும் பெயர் தெரியாத தாளும்

ஆறு வண்ண இங்க் டேங்க் பிரிண்டர், எப்சன் எல்805, எல்8050 போன்றவை, பல சிறு ஸ்டுடியோக்களில் ஓடுகின்றன. அதில் வெளிமையும், கட்டுக்கட்டாக விற்கும் 180 அல்லது 270 ஜிஎஸ்எம் கிளாஸி தாளும் போடுவதுதான் நடைமுறை. எப்சன் டிரைவரோடு வரும் புரொஃபைல் எப்சன் மைக்கும் எப்சன் தாளுக்கும் அளந்தது. அதை வேறு மைக்குப் பயன்படுத்தினால் என்ன வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இருட்டும் வரலாம், பச்சையும் ஏறலாம்.

இங்கே முதலில் செய்ய வேண்டியது பேப்பர் டைப் சோதனை. டிரைவரில் பேப்பர் டைப் என்பது பெயர் மட்டும் அல்ல, எவ்வளவு மை கொட்டுவது என்ற கட்டளையே அதுதான். மெல்லிய பூச்சுள்ள தாளில் உயர்ந்த கிளாஸி வகையைத் தேர்ந்தெடுத்தால், தாள் குடிக்கக்கூடியதைவிட அதிக மை விழும். நிழல் எல்லாம் ஒன்றாகக் கூடிப் பிசுபிசுக்கும். சோதனைப் படத்தைத் தாளின் கால்வாசியில் வரும்படி சிறிதாக்கி, டிரைவரில் உள்ள ஃபோட்டோ தாள் வகை ஒவ்வொன்றிலும் ஒரு முறை அடியுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் வகையின் பெயரை எழுதுங்கள், பிறகு நினைவிருக்காது. எந்தத் துண்டில் 15, 20 கட்டங்கள் கறுப்பிலிருந்து பிரிந்தும், அதே நேரம் கறுப்பு வெளுக்காமலும் இருக்கிறதோ அதுதான் உங்கள் தாளுக்கான அமைப்பு. ப்ளெயின் பேப்பர் வகையை ஃபோட்டோ தாளுக்கு ஒருபோதும் வைக்காதீர்கள்.

தாளின் எந்தப் பக்கம் பூச்சு என்று சந்தேகம் வந்தால், விரல் நுனியை லேசாக ஈரமாக்கி மூலையைத் தொடுங்கள். பூச்சுப் பக்கம் விரலில் ஒட்டும். மறுபக்கத்தில் அடித்தால் மை உள்ளே இறங்காமல் குளம் கட்டும்.

பேப்பர் டைப் சரியானபின், உங்கள் மைக்கும் தாளுக்கும் என்று தனிப் புரொஃபைல் செய்துகொள்வதுதான் நிலையான தீர்வு. அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டி என்ற சிறு மென்பொருள் மூலம் நிறக் கட்டங்களை நிர்வாகம் எதுவும் இல்லாமல் அடித்து, 24 மணி நேரம் காயவிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் (நிறத்தை அளக்கும் கருவி) வைத்திருப்பவரிடம் அளக்கக் கொடுக்க வேண்டும். மை பாட்டிலின் பிராண்டை மாற்றினால் புரொஃபைலும் புதிதாக வேண்டும். அது முடியாதவர்கள் ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்’ என்று வைத்து, டிரைவரின் நிறக் கட்டுப்பாட்டில் பிரைட்னஸை இரண்டு மூன்று படி ஏற்றிப் பாருங்கள். நுணுக்கமான வழி இல்லைதான், ஆனால் பொருந்தாத புரொஃபைலைவிட இது நல்லது.

நாசில் (மை வரும் நுண்துளை) அடைப்பைப் பலர் சந்தேகிக்கிறார்கள். அடைப்பு இருந்தால் கோடு விழும், நிறம் சாயும். மஞ்சள் அடைத்தால் படம் நீலமாகும். படம் முழுக்கச் சீராக இருண்டு வருவதற்கு அது காரணம் இல்லை. ஒரு நாசில் செக் போட்டுவிட்டு நகருங்கள். ஹெட் கிளீனிங் திரும்பத் திரும்பப் போட்டு மையை வீணாக்க வேண்டாம்.

கோப்பில் மறைந்திருக்கும் இருட்டு

லைட்ரூமிலிருந்து ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பும் படம், அமைப்பைப் பொறுத்து, எஸ்ஆர்ஜிபியைவிட மிக விரிந்த நிற அளவுகோலான புரோஃபோட்டோ ஆர்ஜிபியில் போகலாம். அதை அப்படியே ஜேபெக்காகச் சேமித்து, புரொஃபைலைப் படிக்காத இயந்திரத்துக்குக் கொடுத்தால் படம் இருண்டு, வெளிறி வரும். காரணம் கணக்கில் இருக்கிறது. புரோஃபோட்டோ 1.8 காமாவில் எழுதப்படுகிறது, எஸ்ஆர்ஜிபி ஏறக்குறைய 2.2. நடுச்சாம்பல் எஸ்ஆர்ஜிபியில் 118, புரோஃபோட்டோவில் 98. அந்த 98-ஐ எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துப் படித்தால் 18 சதவீதச் சாம்பல் 12 சதவீதமாக இறங்கிவிடும். அரை ஸ்டாப்புக்கு மேல் இருட்டு, கூடவே நிறச் சோர்வும். அடோபி ஆர்ஜிபியை இப்படித் தவறாகப் படித்தால் நிறம் வெளிறுமே தவிர இவ்வளவு இருளாது. இருட்டும் வெளிறலும் சேர்ந்து வந்தால் புரோஃபோட்டோவைச் சந்தேகியுங்கள்.

தீர்வு: எடிட் மெனுவில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’, எஸ்ஆர்ஜிபி. பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன் புரொஃபைல்’ வேறு வேலை. கன்வர்ட் செய்தால் தோற்றம் மாறாமல் எண்கள் மாறும். அசைன் செய்தால் எண்கள் மாறாமல் தோற்றம் மாறும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் பிரிண்டுகள் ஏராளம்.

போனில் எடுத்த படத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. ஐபோன் 12 முதலான மாடல்களும், அல்ட்ரா எச்டிஆர் வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன்களும் படத்தின் வெளிச்சப் பகுதிகளைச் சாதாரண வெள்ளையைவிடக் கூடுதல் பிரகாசத்தில் திரையில் எரியவிடுகின்றன. தாளுக்கு அந்தக் கூடுதல் ஒளி வராது. குத்துவிளக்குச் சுடர் போனில் ஜொலித்து, பிரிண்டில் மஞ்சள் பொட்டாக நிற்பது இதனால்தான். ஐபோனில் செட்டிங்ஸ், ஃபோட்டோஸ் உள்ளே ‘வியூ ஃபுல் எச்டிஆர்’ வசதியை அணைத்துவிட்டுப் பார்த்தால் தாளில் வரப்போவது ஏறக்குறையத் தெரியும். லைட்ரூமில் எச்டிஆர் பட்டன் எரிந்துகொண்டிருந்தால் அதையும் அணையுங்கள்.

லேபுக்கு அனுப்பும்போது

எஸ்ஆர்ஜிபி, 8 பிட், ஜேபெக் தரம் 10-க்கு மேல், 300 பிபிஐ. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். கவுன்டரில் ‘கரெக்ஷன் வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், முடிந்தால் ஆர்டர் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

லேப் இயந்திரத்தின் தானியங்கித் திருத்தம் படத்தின் சராசரியைப் பார்த்து அதை நடுச்சாம்பலுக்கு இழுக்கப் பார்க்கும். தேவாலயக் கல்யாணத்தில் வெள்ளை கவுன், வெள்ளைச் சுவர், வெள்ளைப் பூக்கள் என்று இருக்கும் படத்தை அது ‘ஓவர் எக்ஸ்போஸ்’ என்று நினைத்து இருட்டாக்கிவிடும். இருட்டு மேடையில் ஆடும் பரதநாட்டியப் படத்தில் இதற்கு நேர்மாறாக, முகத்தை வெளுக்கடிக்கும். ஒரே ஆர்டரில் சில படங்கள் மட்டும் இருண்டு, சில வெளுத்து வந்தால் இதுதான் காரணம். உங்கள் திரை காரணமாக இருந்தால் எல்லாமே ஒரே அளவில் இருண்டிருக்கும்.

ஆல்பம் என்றால் லாமினேஷனையும் கணக்கில் சேருங்கள். பளபளப்பு லாமினேஷன் கருமையை ஆழமாக்கும், மேட் லாமினேஷன் கருமையின் மேல் ஒரு பால்படலம் போட்டதுபோல் ஆக்கும். முழு ஆல்பத்துக்கு முன் உங்கள் சோதனைப் படத்தை ஒரு 6 × 4 அடித்து, அதே லாமினேஷனையும் போட்டு வாங்கிப் பாருங்கள்.

மேட் தாளுக்கு நிழலைத் திறப்பது

நல்ல கிளாஸி தாளின் கறுப்பு, விழும் ஒளியில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத் திருப்பி அனுப்பும். மேட் தாளின் கறுப்பு 2 முதல் 3 சதவீதம் அனுப்பும். அதனால் மேட்டில் நிழலின் படிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். இதை முன்கூட்டியே காண ஃபோட்டோஷாப்பில் வியூ, புரூஃப் செட்டப், கஸ்டம் போய்த் தாளின் புரொஃபைலைக் கொடுத்து ‘சிமுலேட் பேப்பர் கலர்’ டிக் செய்யுங்கள். படம் சட்டென்று சோம்பிப்போகும். அந்த மாற்றம் கண்ணில் படாமல், டிக் போடும் நொடியில் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இல்லாவிட்டால் தேவைக்கு மேல் திருத்துவீர்கள்.

திருத்தம் கர்வ்ஸில், கீழ்க் கால்பகுதியில் மட்டும். 32-ஐ 42-க்கும், 64-ஐ 74-க்கும் தூக்குங்கள். 0-வைத் தொடாதீர்கள், 192-க்கு மேல் அசையாமல் ஒரு புள்ளி குத்திவையுங்கள். பிரைட்னஸையோ எக்ஸ்போஷரையோ ஏற்றினால் மல்லிகைப்பூதான் முதலில் எரிந்துபோகும்.

குறிப்பிட்ட சுவருக்கென்று ஒரு பிரிண்ட்

எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும், மாட்டப்போகும் சுவர் இருட்டாக இருக்கலாம். அந்தச் சுவரில் வெறும் தாள் 1/4 காட்டினால், திரையை 30 நிட்டுக்கு இறக்கி வேலை செய்ய முடியாது. இங்கே மட்டும்தான் பிரிண்டை வேண்டுமென்றே வெளிச்சமாக்குவது நியாயம்.

படத்தில் முகம் வரும் ஒரு செங்குத்துத் துண்டை வெட்டி, ஒரே 6 × 4 தாளில் ஐந்து முறை பக்கம் பக்கமாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் லெவல்ஸின் நடு ஸ்லைடர் 1.00, 1.10, 1.20, 1.30, 1.40. துண்டின் கீழே அந்த எண்ணையே சின்ன எழுத்தில் பதியுங்கள். 1.10 நடுச்சாம்பலை 118-லிருந்து சுமார் 127-க்கும், 1.20 சுமார் 134-க்கும் தூக்கும். வெள்ளையும் கறுப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரிண்டை அந்தச் சுவரில் செலோடேப்பால் ஒட்டி, வீட்டார் கூடத்தில் உட்காரும் நேரத்தில், அப்போது எரியும் விளக்கிலேயே பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதானால் அந்தக் கண்ணாடியையும் மேலே வைத்துப் பாருங்கள்.

தேர்ந்த எண்ணை மூலக் கோப்பில் போடாதீர்கள். தனிப் பிரதி எடுத்து, பெயரில் ‘கூடம்_1.20’ என்று சேர்த்துச் சேமியுங்கள். லைட்ரூமில் பிரிண்ட் மாட்யூலிலேயே பிரிண்ட் அட்ஜஸ்ட்மென்ட் என்று பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் ஸ்லைடர்கள் இருக்கின்றன. அவை திரையில் எதையும் மாற்றாது, அச்சில் மட்டும் ஏறும், மூலப்படம் அப்படியே இருக்கும். எந்த எண்ணில் அடித்தீர்கள் என்று பிரிண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டுச் சட்டத்துக்குக் கொடுங்கள்.